தூங்கிக்கொண்டிருந்த வலது கால்

“தம்பி, வீட்டுல கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுவியோ?”

என் முதல் பயிற்சிப் பறப்பு அது. மேலே ஏறிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஹெட்செட்டில் இன்ஸ்ட்ரக்டரின் இந்தக் கேள்வி வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் ஓட்டுகிற அழகைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “ஆமா சார், ஏழாங்கிளாஸ்ல இருந்தே” என்றேன்.

“அதான் பாத்தேன். கெளம்பினதுல இருந்து நீ ஒரு தடவைகூட வெளிய பாக்கல.”

சட்டைப் பையிலிருந்து மஞ்சள் ஒட்டுக்காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். உயரம் காட்டும் கருவி, வேகம் காட்டும் கருவி, விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானம் என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு தாளை ஒட்டினார். “இப்ப ஓட்டு.”

விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். வடக்கே இருந்த அந்தப் பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கிடைத்த ஒரே தமிழ்க் குரல். தாள் ஒட்டியதும் அந்தச் செஸ்னா 172 விமானம் என் கையில் ஊஞ்சல் ஆடியது. எத்தனை அடியில் இருக்கிறேன், ஏறுகிறேனா இறங்குகிறேனா, எதுவும் தெரியவில்லை. அவர் அவசரப்படவே இல்லை. “மூக்குக்கும் தொடுவானத்துக்கும் நடுவுல எத்தனை விரக்கடை இருக்கு பாரு. நாலா? அந்த நாலை விடாமப் பிடிச்சுக்கோ” என்றார். பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து உயரக் கருவியின் மேலிருந்த தாளை மட்டும் எடுத்தார். முள் இருந்த இடத்திலேயே நின்றது.

சிமுலேட்டரில் பழகிவிட்டு விமானப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் கண் கருவிப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கும். வீட்டுத் திரையில் வெளியுலகம் ஒரு சின்னச் சதுரம்தான். அதில் தகவல் குறைவு, கருவிகளில் தகவல் அதிகம். அதனால் கண் தானாக அங்கே போய்விடுகிறது. நிஜத்தில், பார்வை பார்த்து ஓட்டும் பறப்பில், பெரும்பாலான நேரம் கண் வெளியே இருக்க வேண்டும். வேறொரு விமானம் எதிரே வந்தால் அதைக் காட்ட அந்தப் பலகையில் எந்த முள்ளும் கிடையாது.

எங்கள் வீடு பொழிச்சலூரில். மீனம்பாக்கம் ஓடுபாதையின் மேற்கு முனைக்கு அந்தப் பக்கம். டிவியில் சீரியல் ஓடும்போது விமானம் போனால் அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார், போனதும் குறைப்பார். கண் சீரியலில் இருக்கும், கை தானாக அந்த வேலையைச் செய்யும். நான் மொட்டை மாடிக்கு ஓடுவேன். சில நாட்களில் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் இறங்கிப் போகும். சில நாட்களில் எதிர்த்திசையில் உறுமிக்கொண்டு ஏறும். ஏன் இப்படி மாறுகிறது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியாது.

பதில் கிடைத்தது மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில். ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு ஆனதையொட்டி வந்த 2004 பதிப்பு. எங்கள் ஊர் ஓடுபாதையின் ஒரு முனைக்கு 07, மறுமுனைக்கு 25 என்று எண். அது திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி என்பதன் சுருக்கம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். கிழக்குக் காற்று அடித்தால் 07, அதாவது எங்கள் மாடிக்கு மேல் வந்து இறங்கும். மேற்குக் காற்றென்றால் 25, எங்கள் மாடிக்கு மேல் ஏறிப் போகும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கிருந்த குதூகலம் பின்னாளில் லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட இல்லை. மாடியில் நின்று, துணி காயும் கொடியைப் பார்த்து, “இன்னைக்கு எல்லாம் இறங்கும்” என்று ஜோசியம் சொல்லத் தொடங்கினேன். கடற்காற்று திரும்பும் மதிய வேளைகளில் பலமுறை தோற்றிருக்கிறேன், அது வேறு விஷயம்.

சரி, வலது காலுக்கு வருகிறேன்.

செஸ்னாவில் இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் மூக்கு இடது பக்கம் இழுக்கும். விமானி இருக்கையில் இருந்து பார்த்தால் புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று திருகிக்கொண்டே பின்னால் போய் வால் துடுப்பின் இடப்பக்கத்தில் அடிக்கிறது. வால் வலப்புறம் போகிறது, மூக்கு இடப்புறம் திரும்புகிறது. வேறு சில காரணங்களும் சேர்ந்துகொள்ளும். வாலில் திரும்புகிற பலகைக்கு ரட்டர் என்று பெயர். அதன் வலது பெடலை மிதித்தால்தான் நேராக ஓடும். இது எனக்குத் தேர்வு எழுதும் அளவுக்குத் தெரியும். ஆனால் முதல் ஓட்டத்தில் விமானம் நடுக்கோட்டை விட்டு இடப்பக்கப் புல்லை நோக்கிப் போனபோது என் வலது கால் ஜம்மென்று தூங்கிக்கொண்டிருந்தது. காரணம், சிமுலேட்டரில் ‘ஆட்டோ ரட்டர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் கால் வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் போட்ட டிக், நான் எடுக்கவே இல்லை.

தரையிறக்கம் இதைவிட மோசம். கடைசிச் சில அடிகளில் மூக்கை மெல்லத் தூக்கி, இறக்கையை ‘இதோ விழப்போகிறேன்’ என்கிற நிலைக்குக் கொண்டுவந்து, சக்கரம் தொடவைப்பதற்கு ஃபிளேர் என்று பெயர். எப்போது தூக்க வேண்டும் என்பதை எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்வையை ஓடுபாதையின் மறுகோடியில் வைக்க வேண்டும். அப்போது கடைக்கண்ணில் தரை இரண்டு பக்கமும் விரிந்து மேலே எழுவதுபோல் வரும். அந்த எழுச்சிதான் அளவுகோல். ஒரு தட்டைத் திரைக்குக் கடைக்கண்ணே கிடையாது. ஆயிரம் முறை கம்ப்யூட்டரில் இறங்கியவன் நான், நிஜத்தில் முதல் வாரம் முழுக்கத் தவளை மாதிரி தத்தினேன். கம்ப்யூட்டரில் விமானமே ஓட்டிப் பார்க்காத என் அறை நண்பன் 15 மணி நேரத்தில் தனியாகப் பறந்துவிட்டான். எனக்கு 19 ஆயிற்று. பழைய பழக்கத்தை மறக்கத்தான் அந்த நாலு மணி நேரம் போயிற்று. மணிக்கணக்கில் கட்டணம் கட்டுகிற ஒருவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அப்படியானால் அந்தப் பத்து வருஷமும் வீணா? இல்லை. கருவிப் பறப்புக்கு வந்ததும் காட்சி மாறியது. மேகத்துக்குள் இருப்பதுபோல் வெளியே தெரியாமல் முகத்தில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். வானொலிக் கலங்கரையைப் பிடித்துக்கொண்டு போவது, காத்திருப்பு வட்டத்துக்குள் நுழைவது, காற்றுக்கு ஏற்பத் திசையைத் திருத்துவது, இதெல்லாம் மற்றவர்களுக்குத் தலை சுற்றியது. எனக்கு அது சின்ன வயதில் பழகிய பாண்டி ஆட்டம் மாதிரி. எந்தக் கருவியிலிருந்து எந்தக் கருவிக்குக் கண் போக வேண்டும் என்ற வரிசை ஏற்கெனவே உடம்பில் இருந்தது. செக்லிஸ்டும் அப்படியே. ஏடிசியோடு, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரோடு, பேசும் மொழியும் அப்படித்தான்.

பள்ளியில் அசையாத ஒரு சிமுலேட்டர் இருந்தது. அதில் என்னை வெல்ல ஆளில்லை. அந்த மிதப்பில் இருந்தபோது ஒருநாள் மேலே வைத்து இன்ஸ்ட்ரக்டர் சொன்னார்: “கண்ணை மூடிக்கோ தம்பி. நான் ஓட்டுறேன். எந்தப் பக்கம் திரும்புறோம்னு சொல்லு.” மூடினேன். ஏதோ லேசாகத் திரும்பியது, பிறகு நேராகிவிட்டது. “இப்போ?” “நேரா போறோம் சார்.” “கண்ணைத் திற.” வலது இறக்கை 30 டிகிரி சாய்ந்து, சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தோம். அவர் விமானத்தை நேராக்கினார். கண் முன்னால் கருவி நேர் என்கிறது, உடம்போ இடப்பக்கம் கவிழ்கிறோம் என்று கத்துகிறது. கழுத்து தானாக வலப்பக்கம் சாய்ந்தது.

ஒரு வாளியில் தண்ணீரை வைத்துச் சுற்றிப் பாருங்கள். முதலில் வாளி சுற்றும், தண்ணீர் சுற்றாது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் வாளியோடு சேர்ந்துகொள்ளும். வாளியை நிறுத்தினால் தண்ணீர் நிற்காது. உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்களில் இருக்கும் நீர் செய்வதும் இதுதான். சீரான திருப்பத்தில் சிறிது நேரம் கழித்துக் காது ‘நேர்’ என்று சொல்லிவிடும். திருப்பத்தை நிறுத்தினால் ‘எதிர்ப்பக்கம் திரும்புகிறோம்’ என்று சொல்லும். வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு இந்தச் சண்டையே வராது, ஏனென்றால் அங்கே காது வாயைத் திறப்பதில்லை. கருவியைப் படிக்க அந்த நாற்காலியில் கற்றிருந்தேன். உடம்பு எதிர்த்துக் கத்தும்போதும் கருவியையே நம்ப, மேலே போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

சிமுலேட்டர் பிறந்ததே இந்தச் சிக்கலில் இருந்துதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் காற்றில் ஒலிக்கும் ஆர்கன் வாத்தியங்கள் செய்கிற தொழிலில் இருந்தது. நம் ஹார்மோனியத்தில் இருப்பதுபோன்ற துருத்திகள்தான் அதற்கும் உயிர். அந்தத் துருத்திகளை ஒரு சின்ன மரப்பெட்டி விமானத்துக்கு அடியில் வைத்து, பெட்டி சாயவும் திரும்பவும் செய்தார். 1929இல் அது தயார். விமானப் பள்ளிகள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை, கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் அந்த நீலப் பெட்டியில் உட்கார்ந்து பழகினார்கள்.

பல வருஷம் கழித்து, ஏர்பஸ் ஏ320 என்ற பயணிகள் விமானத்தின் பயிற்சிக்காக முழு அசைவு சிமுலேட்டருக்குள் முதல் முறை நுழைந்தேன். ஒரு பெரிய கூடத்தில், ஆறு கால்களின் மேல் ஒரு வெள்ளை அறை நிற்கும். சின்னப் பாலத்தைக் கடந்து உள்ளே போனால், பாலம் பின்வாங்கிவிடும். உள்ளே காக்பிட்டில் ஒரு திருகாணி குறையாது. மேல்நிலைச் சான்று பெற்ற இந்த வகைச் சிமுலேட்டரில் பயிற்சி முடித்து, போதிய அனுபவமும் உள்ள விமானி, அந்த விமானத்தில் முதல்முறையாக உட்காரும்போதே பயணிகள் பின்னால் இருக்கலாம். அவ்வளவு நம்பிக்கை அந்தப் பெட்டியின் மேல். இரவும் பகலும் ஓடும் என்பதால் எங்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் நள்ளிரவு 2 மணி.

ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்தியது. எப்படி? அந்த அறை நின்ற இடத்தை விட்டு நகரவே முடியாதே. கேட்டபோதுதான் விளக்கம் கிடைத்தது. வேகம் எடுப்பதாகத் திரை காட்டும் நேரத்தில், காது கண்டுபிடிக்க முடியாத மெதுவில் அறை பின்னால் சாய்கிறது. நம் எடையே நம்மை இருக்கையில் அழுத்துகிறது. கண் ‘தரை சமம்’ என்கிறது, அதனால் மூளை இதை ‘வேகம்’ என்று எடுத்துக்கொள்கிறது.

இதே ஏமாற்று தலைகீழாகவும் வேலை செய்யும். இருட்டில், வெளியே எதுவும் தெரியாதபோது, விமானம் நிஜமாகவே வேகம் எடுத்தால் மூளை அதை ‘மூக்கு மேலே தூக்குகிறது’ என்று எடுத்துக்கொள்ளும். 2000 ஆகஸ்ட் 23 இரவு, பஹ்ரைனில் கல்ஃப் ஏர் ஏ320 ஒன்று இறங்காமல் மீண்டும் எழும்பியது. முன்னால் இருண்ட கடல். மூக்கு தூக்குவதாகத் தோன்றிய விமானி அதைக் கீழே அழுத்தினார். விமானத்தில் இருந்த 143 பேரும் இறந்தார்கள். அந்த இரவு ஒரு விமானியை ஏமாற்றிய காதின் அதே பலவீனத்தை வைத்துத்தான் எங்கள் அறை எங்களை ஏமாற்றிப் பாடம் நடத்துகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இருட்டில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் செயற்கைத் தொடுவானத்தை நான் பார்க்கும் பார்வை மாறிவிட்டது.

மூன்றாம் நாள் பாடம், ஏறும் வேளையில் இன்ஜின் போவது. இனி நிற்க முடியாது என்கிற வேகம் தாண்டியதும் வலது இன்ஜின் நின்றது. இடது இன்ஜின் மட்டும் தள்ளுவதால் மூக்கு வலப்பக்கம் ஓடும், இடது காலை மிதிக்க வேண்டும். நான் வலது காலை மிதித்தேன். இருநூறு மணி நேரம் பாடுபட்டு எழுப்பிய கால், எழக் கூடாத நேரத்தில் முந்திக்கொண்டு எழுந்தது. ஓடுபாதை திரையின் ஓரத்துக்கு ஓடி, புல்வெளி வந்து, எல்லாம் உறைந்தது. பின்னால் இருந்த பயிற்சிக் கேப்டன், நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டிருந்தார்.

“எந்த இன்ஜின்னு யோசிச்சீங்களா?”

“ஆமா மேடம். ரெண்டாவது இன்ஜின்னு எழுதி வந்தது.”

“படிக்காதீங்க. மூக்கு எந்தப் பக்கம் ஓடுதோ அதுக்கு எதிர்க் கால். வெளிய பாருங்க.”

திருநெல்வேலிக் குரலே வேறு ஆள் வழியாக வந்ததுபோல் இருந்தது. அடுத்த தடவை வெளியே பார்த்தேன், கால் சரியாகப் போயிற்று. மூக்கை 12.5 டிகிரியில் வைத்து, 400 அடி வரும்வரை ஓட்டுவதைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பது அடுத்த பாடம். எச்சரிக்கை மணி காதைப் பிளக்கும்போது சும்மா இருப்பதற்குத்தான் உண்மையில் நிறையப் பயிற்சி தேவைப்படுகிறது.

அந்தப் பெட்டியே தப்பாகக் கற்றுக்கொடுக்கவும் கூடும். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் ஏறிய அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏ300 விமானம் ஒன்று, முன்னால் போன விமானத்தின் சுழற்காற்றில் சிக்கியது. துணை விமானி ரட்டரை மாறி மாறி பலமாக மிதித்தார். வால் துடுப்பு பிய்ந்து விழுந்து, தரையில் இருந்த 5 பேரையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். அந்த மிதி தேவையில்லாதது, அளவு மீறியது என்றது விசாரணை. ரட்டர் அமைப்பின் தன்மையையும், அந்த நிறுவனம் நடத்திய பயிற்சியின் சில பகுதிகளையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. அங்கே சிமுலேட்டரில் காட்டிய சுழற்காற்று, நிஜத்தில் வருவதைவிட மிகைப்படுத்தியதாக இருந்தது. என் கால் தூங்கியதற்கும் அவர் கால் துடித்ததற்கும் பின்னால் இருந்தது ஒரே மாதிரியான சங்கதி. பெட்டி தனக்குத் தெரிந்த உலகத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

இன்னொன்று, திடுக்கிடல். சிமுலேட்டருக்குள் போகும்போதே ஏதோ ஒன்று கெடப்போகிறது என்று தெரியும். 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி இன்ஜின்கள் விசையிழந்து நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏ320இன் விசாரணையில் விமானிகளை சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பறவைகள் மோதிய கணமே திரும்பினால் ஓடுபாதையைச் சிலரால் எட்ட முடிந்தது. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள 35 விநாடி சேர்த்ததும் எட்ட முடியவில்லை. வீட்டில் பழகுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு: கோளாறை நண்பரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், எது, எப்போது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். ஒன்றுமே கெடாமல் முடிகிற நாட்களும் இருக்கட்டும்.

இப்போது பயிற்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் கேட்கும்போது நான் சொல்வது கொஞ்சம்தான். விலை உயர்ந்த கைப்பிடி வாங்குவதற்கு முன் கால் பெடல் வாங்குங்கள், ஆட்டோ ரட்டரை இன்றைக்கே அணையுங்கள். இறங்கிப் பழகாதீர்கள், அது பெரும்பாலும் மறக்கவேண்டிய பழக்கமாகத்தான் முடியும். அதற்குப் பதில் கருவிப் பறப்பைப் பழகுங்கள், ஏடிசி வசனங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. வீட்டில் ஓட்டிய மணி நேரம் எதுவும் லாக்புக் என்கிற பறப்புக் கணக்கில் ஏறாது. சிபிஎல் என்கிற வணிக விமானி லைசென்ஸுக்குக் கேட்கிற 200 மணி நேரத்துக்குள் கருவிப் பறப்பு 10 மணி நேரம் வேண்டும். அதில் 5 மணி நேரம் வரைதான் சிமுலேட்டரில் செய்யலாம், அதுவும் அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் ஒப்புதல் பெற்ற சிமுலேட்டராக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். பள்ளிக்குப் பணம் கட்டிவிட்டுக் கண்ணில் குறை இருப்பதைத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், சிமுலேட்டரை அப்படியே நிறுத்திவைக்கிற பாஸ் பட்டன். அதைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. சந்தேகம் வந்தால் நிறுத்தி யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டால், மேலே போய் மனசு அந்தப் பட்டனைத் தேடும்.

போன மாதம் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. என் பழைய ஜாய்ஸ்டிக் இப்போது அவன் கையில். அவன் பார்க்காதபோது ஆட்டோ ரட்டர் டிக்கை எடுத்துவிட்டேன். முதல் ஓட்டத்திலேயே மீனம்பாக்கத்தின் இடப்பக்கப் புல்லுக்குள் போய் நின்றான். விழுந்து விழுந்து சிரித்தான். நாலாவது தடவை எப்படியோ ஏற்றிவிட்டான். சரியாக அந்த நேரத்தில் சமையலறையில் இருந்து தோசைக்குக் கூப்பிட்டார்கள். அவன் கை பாஸை நோக்கிப் போனது, பிடித்துக்கொண்டேன். “மேல ஏறிட்டோம்ல, இறக்கிட்டுத்தான் சாப்பாடு.” காற்று திரும்பியிருந்தது, ஓடுபாதையை மாற்ற வேண்டியிருந்தது, ஒரு முறை இறங்காமல் மறுபடி ஏற வேண்டியிருந்தது. இருபத்தைந்து நிமிஷம்.

கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார் அம்மா. “நாலு தோசையும் ஆறிப்போச்சு. அந்தப் பிளேனை ஓரமா நிறுத்திட்டு வந்து தின்னுட்டுப் போங்களேண்டா!”